வந்தவர்கள் குடம்

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். வாரா வாரம் நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள், தெரியும். இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டால்தான் எனக்குக் கை ஓடுகிறது. மறதி வேறு. வருஷம் எது, மாசம் எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன வாரம் கரண்ட் ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார். நல்ல வெயில். "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

"குடிக்கவா, டெஸ்ட்டுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மனிதர் மீட்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குடிக்கத்தானாம். கொடுத்து அனுப்பினேன். ஆனால் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. கூச்சம். உங்களிடம் எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்...

தொண்ணூறுகளின் கடைசி என்று நினைவு. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோல் ஷாப் இருந்தது. தோலை ஊற வைத்துப் பதனிடுகிற இடம். அதன் கழிவு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து மண்ணில் இறங்கி, கடைசியில் எங்கள் கிணற்றில் வந்து நின்றது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோறு மஞ்சளாகும். வாயில் வைத்தால் உப்பும் கசப்பும்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரியில் நல்ல தண்ணீர் வரும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதில் ஒரு குடத்தைத் தனியாக மூடி வைத்துவிடுவோம். வந்தவர்கள் குடம் என்று பேர். நாங்கள் நாக்கு வறண்டாலும் அதைத் தொடமாட்டோம். வீடு தேடி வந்தவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுப்பதா? தூக்கில் தொங்கலாம்!

அப்போதுதான் செல்வி வந்தது. தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆபீசிலிருந்து வந்த பெண். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். தெருவுக்கு ஒரு கிணறு பார்க்கிறார்களாம். எங்கள் தெருவில் எங்கள் கிணறு.

"இந்தப் பாட்டில்ல கிணத்துத் தண்ணி புடிச்சுக் குடுங்கம்மா" என்று கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து படிவத்தில் எங்கள் வீட்டுப் பேரை எழுதத் தொடங்கியது.

பேரை எழுதுகிறது! எங்கள் வீட்டுப் பேருக்கு நேராக அந்த மஞ்சள் தண்ணீரா? உள்ளே போனேன். கை தானாகவே வந்தவர்கள் குடத்துக்குப் போனது. பாட்டிலை நிறைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

"தெளிவா இருக்கேம்மா!"

"எங்க கிணறு அப்படித்தான் தாயி."

"கிணத்துல மீன், தவளை ஏதாச்சும் இருக்கா?"

"அதையுமா எழுதுவீங்க?"

"ஆமாம்மா. தண்ணி கெட்டா மொதல்ல காணாமப் போறது அதுகதான்."

எங்கள் கிணற்றில் தவளை கத்தி வருஷக்கணக்காகியிருந்தது. "நெறையா இருக்கு" என்றேன். ஒரு பொய்க்குத் துணைக்கு இன்னொரு பொய்.

அடுத்த மாதம் ஆபீசிலிருந்து பேப்பர் வந்தது. எங்கள் தெருத் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர்தானாம்! அதனால் லாரி நின்றுவிடுமாம்.

தெருவே கொதித்தது. பூட்டுப் பட்டறை வைத்திருந்த சுப்பையா அண்ணன்தான் எல்லாரையும் திரட்டினார். செல்வி தோல் ஷாப்காரனிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு மேலே மனு அனுப்பினார்கள். கையெழுத்துக்கு என்னிடமும் வந்தார்கள். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நாலு நாள் படுத்தேன். வலி தலையில் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அஞ்சாம் நாள் செல்வியே வந்தது. கையில் அந்தப் படிவம். தெருவே சூழ்ந்துகொண்டது. சுப்பையா அண்ணன் படிவத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"கேளுங்கப்பா... தவளை நெறையா இருக்காம்! ஏந்தாயி, நீ கிணத்தப் பாத்தியா, ஷாப்காரன் மூஞ்சியப் பாத்தியா?"

"அண்ணே, நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலண்ணே. இன்னும் வேலை நிரந்தரமாகல. இந்த மனுவால என்னைய நிறுத்திருவாங்க."

"நிறுத்தட்டும்! எங்க தண்ணிய நிறுத்துனீல்ல?"

அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசியே பழக்கமில்லாதவள். எப்படிச் சொல்ல, எங்கிருந்து தொடங்க?

பேச வரவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தை விலக்கி, நடுத்தெருவில், செல்வி காலடியில் இறக்கி வைத்தேன்.

"அன்னைக்கு இதுலருந்துதான் குடுத்தேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அது என்ன குடம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே! அவர்களிடம் அந்தப் பாட்டிலைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? தலையைக் குனிந்து அதைத்தான் எல்லாரும் யோசித்தார்கள் போலிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யக்கா, அப்ப தவளையும் லாரியிலதான் வந்துச்சா?"

தெரு சிரித்தது பாருங்கள்... சுப்பையா அண்ணன் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். செல்வி அழுதுகொண்டே சிரித்தது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் இறங்கியது.

செல்வி தானே எங்கள் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தது. தெருவே எட்டிப் பார்க்க, பாட்டிலை நிறைத்து மூடியது. சுப்பையா அண்ணன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். "கோவிச்சுக்காத தாயி. இம்புட்டு மானஸ்தி எங்க தெருவுல இருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று என்னைக் காட்டிக் குத்தினார். வாங்கிக்கொண்டேன்.

மறுபடி பேப்பர் வந்தது. குடிக்கவே கூடாத தண்ணீர் என்று. கை தட்டினோம்! தன் தண்ணீர் கெட்டுப்போனது என்று கேட்டுக் கை தட்டிய தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

லாரி நிற்கவில்லை. தோல் ஷாப்புக்கு நோட்டீஸ் போனது. கழிவை ஓடையில் விடாமல் சுத்தம் செய்கிற இடத்துக்கு அனுப்ப அதற்கப்புறமும் ரொம்ப நாள் ஆனது. செல்விக்கு வேலை நிரந்தரமானது. இனிப்போடு வந்து, "குடிக்கத் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்டது. குடத்தண்ணீர்தான் கொடுத்தேன்.

நம் குறையை நாமே மூடி வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று ஊரைத் திட்டுகிறோம். நான் மட்டுமா?

இதில் வருஷம், நாள் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். நேற்றுக் காலை கிணற்றுக்குள் ஏதோ குதித்த சத்தம் கேட்டது. தவளை மாதிரி இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் என் வாய்க்கு மதிப்பில்லை.

யாராவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போங்களேன். தண்ணீர் தருகிறேன்... எந்தக் குடம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.