ரௌதாவின் கடல் வகுப்பு

கெர்கென்னா தீவுப் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம், ரௌதா பிள்ளைகளை ஒரு மீன் வரையச் சொன்னாள். முப்பது பேரும் புத்தகத்து மீனையே வரைந்தார்கள். கடலுக்கு நடுவே பிறந்த பிள்ளைகள்! மறுநாள் அவர்களை முழங்கால் தண்ணீரில் இறக்கி, கண்ணைக் கட்டி நிற்கவைத்தாள்.

"காலால பாருங்க. அப்புறம் கை தானா வரையும்."

தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, படம் வரைய பென்சில் போதாதா? ஈரத் துணியைத் தூக்கிட்டு அத்தனை அம்மாக்களும் என் வாசல்ல நிக்கறாங்க."

பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் நடத்தினாள். மீன்கள் குஞ்சு பொரிக்கும் கடற்புல்லைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. தொடவிட்டாள், முகரவிட்டாள், கணவாய் மையில் வரையவிட்டாள். தொட்டுப் பழகியவன் அழிக்கமாட்டான் என்று நம்பினாள்.

அவள் தம்பி ஷெத்லி கடலடியைச் சுரண்டும் மடிவலை இழுப்பவன். அந்த வலைக்குத் தடை உண்டு. பிழைப்புக்காகப் பலர் மீறினார்கள், அவனும் மீறினான்.

ஒருநாள் அவனிடம், "ஒரு தடவை இழுத்ததைப் பிரிக்காம அப்படியே குடு" என்று கேட்டாள்.

"எதுக்குக்கா, பிள்ளைங்களுக்குக் குஸ்குஸ் ஆக்கிப் போடவா?"

"படம் பண்ணடா."

சிரித்துக்கொண்டே ஒரு சாக்கு கொடுத்தான்.

வகுப்பில் பழைய பாய்மரத் துணியை விரித்தார்கள். ஒவ்வொரு உயிராக மை தடவி ஒற்றியெடுத்தார்கள். விற்கக்கூடியது இடப்பக்கம், வீசுவது வலப்பக்கம். இடப்பக்கம் நாலு சாணிலேயே முடிந்துவிட்டது. வலப்பக்கத்துக்குத் துணி போதவில்லை. விரல் நீளக் குஞ்சுகள், கணவாய் முட்டைக் கொத்து, வேரோடு பிய்ந்து வந்த கடற்புல்.

ஷெத்லியின் மகள் யுஸ்ரா மட்டும் வேலை செய்யாமல் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் நீலத் தையல் அவள் அம்மா போட்டது.

"அத்தை, இது எங்க அப்பா பிடிச்சதா?"

வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலம் ஷெத்லி வந்தான். வாசற்படி ஏறவில்லை. "நான் கொண்டுவந்த மீனை என் புள்ள தொடமாட்டேங்குறா. இதுக்குத்தானா கேட்டு வாங்கின? அவ முன்னாடி என்னைக் கொலைகாரனாக்கிட்டியேக்கா!"

பெருநாளுக்கு ரௌதா அனுப்பிய பலகாரத் தட்டு மூடியது மூடியபடி திரும்பி வந்தது. இரண்டு குளிர்காலம் பேச்சில்லை.

மூன்றாவது வருஷம் ஒரு காலையில் துறைக்குப் போய் அவன் படகருகே நின்றாள். "நானும் வரேன்."

"உனக்கு இங்க என்ன வேலை?"

"எல்லாரையும் எல்லாத்தையும் தொடவெச்சேன். உன் வேலையை நான் தொட்டதே இல்ல."

பகல் முழுக்க வலை இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. மூன்று தடவையும் வலை ஏறக்குறைய வெறுமையாகவே வந்தது. கரையில் அவள் கைக்கு ஆலிவ் எண்ணெய் தடவிவிட்ட ஷெத்லி தலை நிமிராமலே பேசினான்.

"புல்லு போனா மீனு போகும்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு அடுப்பு எரியணுமேக்கா."

"இதையே வகுப்புல வந்து சொல்றியா?"

வந்தான். குட்டி நாற்காலியில் குறுகி உட்கார்ந்து சொன்னான். பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள். பாதிக் கேள்விக்கு, "தெரியலையே" என்றான். யுஸ்ரா எழுந்து, அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவன் உடனே திருந்திவிடவில்லை. இன்னும் ஒரு வருஷம் அந்த வலையையே இழுத்தான். பிறகு, புல்லைக் கிழிக்காத மண்குடங்களைக் கடலடியில் போட்டு, அதில் வந்து ஒளியும் எட்டுக்கால் சாக்குக்கணவாயைப் பிடிக்கப் போனான்; வரும்படி குறைந்தது. ரௌதாவோ அதன்பின் புதிதாக எந்தப் பாடம் தொடங்கினாலும், அது யார் வீட்டுப் பிழைப்பில் கைவைக்குமோ அந்த வீட்டுக்கு முதலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.