கறுப்பு வெள்ளையில் ஒரு புரொஃபைல் படம்

என்னை வேலையை விட்டு அனுப்பிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அனுப்பியவர்கள் கோயமுத்தூர்க்காரர்கள். அறைவதாக இருந்தாலும் 'ங்க' போட்டு அறைகிற ஊர் இது. பம்ப்செட் கம்பெனி. சர்வீஸ் பிரிவில் சாதாரண ஆளாகச் சேர்ந்து, கடைசியில் அந்தப் பிரிவுக்கே மேனேஜராக இருந்தேன். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் சர்வீஸ் வேலை முழுவதையும் வெளியாட்களிடம் விட்டுவிடுவது என்று முடிவானது. "இத்தன வருசம் ஓடிட்டீங்க. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்ணா" என்றார். பாதாம் பால் வந்தது. குடித்தேன். கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பழக்கதோஷத்தில் "சரிங்க, வாரேனுங்க" என்றேன். அவரும் "வாங்ணா" என்றார்.

எங்கள் பக்கத்தில் 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. மளிகைக் கடையை விட்டு இறங்கினால்கூட வாரேனுங்க சொல்லித்தான் இறங்குவோம். எழவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோம். மற்றபடி, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தாலும் வாரேனுங்கதான்.

ரெஸ்ட் எடுக்கிற வயதும் இல்லை, வசதியும் இல்லை. மகள் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். பாதி நாள் போத்தனூர் வீட்டிலேயே, மாடி அறையில், காதில் ஹெட்போனோடு. அவள்தான் வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் கூடுகிற ஓர் இணையதளத்தில் எனக்குக் கணக்குத் தொடங்கித் தந்தாள். பொள்ளாச்சியிலிருந்து கரூர் வரைக்கும் பம்ப் விற்கிற அத்தனை பேரையும் எனக்குத் தெரியும், இது எதற்கு என்று கேட்டேன்.

"உங்களுக்கு அவிங்களத் தெரிஞ்சு என்னங்ப்பா பண்றது? நீங்க இருக்கறது அவிங்க கண்ணுல படோணும். தெனமும் படோணும்" என்றாள்.

முதல் தகராறு 'நான்' என்ற சொல்லில் வந்தது. என்னைப் பற்றி எழுதச் சொன்னாள். 'எங்கள் டீம் இத்தனை மாவட்டங்களில் சர்வீஸ் சென்டர் திறந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். 'நான் திறந்தேன்' என்று மாற்றினாள். 'எல்லோருமாகச் சேர்ந்துதான்' என்றேன். 'எல்லாரையும் யாருங்ப்பா வேலைக்கு எடுப்பாங்க?' என்றாள். கல்யாணப் பத்திரிகையில்கூட வீட்டுப் பெரியவர்கள் பெயரை முன்னால் போட்டு, பின்னால் நின்றுகொள்கிற ஆள் நான். 'நான் சாதித்தேன், நான் வழிநடத்தினேன், நான் மாற்றிக் காட்டினேன்' என்று வரிசையாக அச்சில் பார்த்தபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

பிறகு தினமும் ஏதாவது எழுத வேண்டும் என்றாள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது, விவசாயி முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று உருப்படியாக ஒன்று எழுதினேன். அதற்கு மகள் லைக் போட்டாள். மகளுடைய தோழி லைக் போட்டாள். நூறு நாளில் கோடீஸ்வரன் ஆக்குகிறேன் என்ற ஒருவன் லைக் போட்டான். இப்படி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், இதிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்றாள் மகள். மற்றவர்கள் எழுதுவதைக் காட்டினாள். ஒருவர் தன் கார் பஞ்சரானதிலிருந்து ஐந்து பாடம் கற்றிருந்தார். ஆகவே என் பெயரில் ஒரு நாள் 'எரிந்துபோன மோட்டார் எனக்குக் கற்றுத்தந்த தலைமைப் பண்புகள்' என்று வந்தது. மோட்டார் எரிந்தால் உள்ளே காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்ட வேண்டும். அதைத் தவிர அது எனக்கு வேறு எதையும் கற்றுத்தந்ததில்லை. அந்தப் பதிவுக்குத்தான் முதல்முறையாக முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள்.

அலுப்பு அங்கேதான் ஆரம்பித்தது. காலையில் பல் விளக்கியதும் போனைத் திறந்து மற்றவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். நாம் போட்டால்தான் அவர்கள் போடுவார்களாம். மொய் மாதிரி. புரமோஷனுக்கு வாழ்த்து, புது வேலைக்கு வாழ்த்து, இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழுக்கு வாழ்த்து. 'பணிவோடு பகிர்கிறேன்' என்று ஆரம்பிப்பார்கள். கீழே பார்த்தால் மேடையில் பொன்னாடையோடு நிற்கிற படம் ஏழெட்டு இருக்கும். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களெல்லாம் வேறு கம்பெனிகளில் பெரிய பெரிய பதவிகளில் இருந்தார்கள். அவர்களுக்கும் கைதட்டினேன். நாள் முழுக்கக் கிணற்றடியில் நின்று மோட்டார் இறக்கிய காலத்தில்கூட இப்படி அசந்ததில்லை. இதில் உட்கார்ந்தபடியே களைத்துப்போனேன்.

வேலை கேட்டும் எழுதினேன். நேரடியாகக் கேட்க எனக்கு வராது. 'சும்மாதாங்க இருக்கேன், ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க' என்ற அளவில்தான். எல்லோரும் பதில் போட்டார்கள். 'பாக்கலாமுங்ணா.' கொங்கு நாட்டில் 'இல்லை' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பாக்கலாமுங்க என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், இத்தனை வருடம் நானே டீலர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும், இவர் உண்மையாகவே பார்ப்பாரோ என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

அப்படிக் காத்திருந்ததில் முக்கியமான ஆள், தாராபுரத்தில் எங்கள் டீலராக இருந்தவர். சின்னக் கடையாக ஆரம்பித்தபோது கம்பெனியில் அவருக்காகப் பேசி ஏஜென்சி வாங்கிக் கொடுத்தேன். இப்போது சொந்தமாகப் பம்ப் தயாரிக்கிறார். அமராவதிக் கரையில் அவர் பெயர் போட்ட பம்ப் இல்லாத தோட்டம் குறைவு. அவரிடம் சர்வீஸுக்கென்று தனியாக ஆளே இல்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கிடைக்காவிட்டால் எனக்கு வேறெங்கும் கிடைக்காது என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவரும் 'பாக்கலாமுங்ணா' என்றுதான் போட்டார். கூடவே ஒரு கும்பிடும் இருந்தது.

மாதங்கள் போயின. ஒருநாள் மகளுக்கு ஒன்று தோன்றியது. நான் கம்பெனியை விட்டு வந்ததை இதுவரை முறையாக அறிவிக்கவே இல்லை, பாதிப் பேர் நான் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் யாரும் கூப்பிடவில்லை என்றாள். நியாயமாகப் பட்டது. நன்றி சொல்லி ஒரு பதிவு எழுதினாள். போத்தனூர் ஸ்டூடியோவில் எடுத்த என் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அதுதான் கௌரவமாக இருக்குமாம். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கரை. கீழே என் பெயர். அதற்குக் கீழே கம்பெனியில் சேர்ந்த வருடம், விலகிய வருடம், நடுவில் ஒரு கோடு. மாடியிலிருந்து போனைக் கொண்டுவந்து காட்டினாள். நான் கண்ணாடி இல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "நல்லாருக்கு கண்ணு, போட்டுரு" என்றேன்.

மறுநாள் காலையில் என் போனுக்குச் சோமனூரிலிருந்து ஒரு பழைய டீலர் கூப்பிட்டார், மனைவிதான் எடுத்தாள்.

"அம்மணி... எப்பங்க ஆச்சு?"

"என்னதுங்க?"

"அண்ணன் எப்படித் தங்கமான மனுசன். எடுக்கறது எத்தன மணிக்குங்க?"

"அவரு குளிச்சிட்டு இருக்காருங்க" என்றிருக்கிறாள் மனைவி. அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

அடுத்தடுத்து வந்த போன்களில்தான் விஷயம் புரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் பம்ப் டீலர்கள் குழுவில் போட்டுவிட்டான். எங்கள் ஊர் நாற்சந்திகளில் கறுப்பு வெள்ளையில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்து, கீழே இரண்டு வருடமும் நடுவில் ஒரு கோடும் இருந்தால் மேற்கொண்டு யாரும் படிப்பதில்லை. வண்டியை ஓரம்கட்டி 'அடடா' என்பார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். அந்த வருடக் கணக்கைப் பார்த்தால் நான் மீசை முளைத்துக் கொஞ்ச நாளில் போயிருக்க வேண்டும். படத்தில் தலை முழுக்க நரை. ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

மகள் அழுதாள். மனைவி அவளைத் திட்டிவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவைத் திறந்தேன். கீழே கருத்துகள் குவிந்திருந்தன. நான் போட்ட வாழ்த்துகளுக்கு ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். என்னைப்போல் நேர்மையான ஆளை இந்தத் தொழில் இனி பார்க்கப்போவதில்லையாம். மழையில் நனைந்துகொண்டே வந்து மோட்டாரைச் சரிசெய்து கொடுத்ததை ஒருவர் எழுதியிருந்தார். அது நிஜம்தான், எனக்கே மறந்துபோயிருந்தது. தாராபுரத்துக்காரர்தான் எல்லோரையும்விட நீளமாக எழுதியிருந்தார். 'அண்ணன் இல்லையென்றால் நான் இல்லை. என் கம்பெனியில் ஓடுகிற ஒவ்வொரு பம்பிலும் அவர் சொல்லிக்கொடுத்தது இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். கேட்காமலே போய்விட்டார்.'

படித்தபோது கண் கலங்கியது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு அவருக்கு நான் அனுப்பியிருந்த பழைய செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கும்பிடு அப்படியே இருந்தது.

மகள் அதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். "அப்பா, இதையெல்லாம் அப்படியே ரெக்கமண்டேஷன்னு போட்டுக்கலாங்ப்பா. நாம காசு கொடுத்தாக்கூட இப்படி எழுத மாட்டாங்க." அவள் சொன்னதில் தப்பு இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அவள் ஒவ்வொரு கருத்துக்குக் கீழேயும் 'அப்பா நலமாக இருக்கிறார்' என்று பதில் போட ஆரம்பித்தாள்.

பாதி போடுவதற்குள் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. தாராபுரத்துக்காரர் கையில் ரோஜா மாலையோடு இறங்கினார். பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, கூட்டமும் இல்லை. கைலியோடு நான் கேட்டைத் திறந்தேன்.

"அண்ணா" என்றார்.

"வாங்க வாங்க. பயப்படாதீங்க, இருக்கேன்" என்றேன்.

"மாலை உள்ள வர வேண்டாமுங்க" என்று மனைவி கதவருகிலிருந்தே சொன்னாள். அவர் அவசரமாக அதைக் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. வழியில் எதுவும் சாப்பிடவில்லையாம், எழவு வீட்டுக்குப் போகிறோமே என்று. மனைவி இட்லி வைத்தாள். சாப்பிட்டார். சிரித்தோம். நெடுநேரம் சிரித்தோம். பழைய கதைகளெல்லாம் பேசினோம். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தவர் போனை எடுத்தார்.

"அவசரப்பட்டு எழுதிப்போட்டனுங்ணா. எடுத்துடறேன், பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்க."

"இருக்கட்டுமுங்க. நல்லாத்தான எழுதியிருந்தீங்க."

"அட, போங்ணா" என்று சிரித்துக்கொண்டே என் எதிரிலேயே அதை அழித்தார்.

அப்போதுதான் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்காமலே போய்விட்டார் என்று எழுதிய மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது? மகள் இத்தனை மாதமாகச் சொல்லிக்கொடுத்தபடி, சுற்றி வளைக்காமல், நான் என்றே ஆரம்பித்தேன்.

"நான் சர்வீஸ் வேலையில பழுத்த ஆளுங்க. உங்களுக்கும் அதுக்கு ஆள் இல்ல. எனக்கு உங்க கம்பெனில ஒரு வேலை வேணுமுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் எனக்கு வேணும் என்று வாய்விட்டுச் சொன்னேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாடிப்படியில் மகள் வந்து நின்றது தெரிந்தது.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கண்டிப்பாங்ணா" என்றார். கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாக்கலாமுங்ணா" என்றார். கைகூப்பி எழுந்தார். செருப்பை மாட்டினார். காரில் ஏறி, பக்கத்து சீட்டில் இருந்த மாலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அவரு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லாமயே போறாருங்களே?"

"எழவு வூட்டுக்குத்தான வந்தாரு" என்றேன்.

அவள் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலைக் கழுவிவிட்டாள்.