பாதிப் போத்தல் பாணி மருந்து

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும், போன காய்ச்சலுக்கு வாங்கிய பாணி மருந்து பாதிப் போத்தல் நிற்கிறதோ? ஓம் என்றால் வெட்கப்படாதேங்கோ. உங்களுக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டு முடித்துவிட்டேன். பல் டொக்டருக்குப் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என் வேலை. ஒருவர் வாயைத் திறந்தால் அவர் வீட்டுக் குசினி வரைக்கும் தெரிந்துவிடும்.

ஒரு போத்தல், மூன்று வீடு

விடத்தல்தீவிலிருந்து ஒரு அக்கா தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் நாக்கெல்லாம் தயிர் ஒட்டினது போல வெள்ளை. காய்ச்சலுக்கு அன்ரிபயோட்டிக் பாணி கொடுத்தாராம். அது தங்கச்சியின் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்து. மிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து இவரிடம் வந்திருக்கிறது.

டொக்டர் வாயைத் திறக்க முன்னம் நான் தொடங்கிவிட்டேன். "அக்கா, இது வைரஸ் காய்ச்சல். அந்த மருந்து வைரசை ஒண்டும் செய்யாது. வாய்க்குள்ள காவலுக்கு நிக்கிற நல்ல கிருமியளைத்தான் கொல்லும். காவல் இல்லாட்டிப் பூஞ்சணம் குடி வந்திடும்." அன்றைய என் குரலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அவர் பிள்ளையின் கடைவாயைத் துடைத்தபடி கேட்டார்: "மிஸ், உங்கட பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா சும்மா பார்த்துக்கொண்டோ இருப்பீங்கள்?"

எங்கள் வீட்டுக் காய்ச்சல்

இருக்கவில்லை. அடுத்த மாதமே என் மகளுக்குக் காய்ச்சல். எட்டு வயது, மூன்று கிழமையில் முதல் நன்மை, கோயிலில் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக நாக்கில் வாங்குகிற நாள். வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்குகிறது. மூன்றாம் நாளும் உடம்பு கொதிக்க, அண்ணன் பிள்ளையின் காது வலிக்கு வாங்கி மிஞ்சிய பாணி ஃபிரிட்ஜ் கதவிலிருந்து என்னைப் பார்த்தது. நாள் முடிந்த மருந்து என்பதும் தெரியும். ஊற்றிக் கொடுத்தேன், ஐந்து நாள்.

சோர்ந்த பிள்ளை என்று பல்லுத் தீட்டவும் விடவில்லை. வாய் காய்ந்து கிடக்க, சீனி கூடப் போட்ட தேத்தண்ணி. காய்ச்சல் தன் பாட்டில் இறங்கியது. புகழ் போத்தலுக்குப் போனது. மீன்பிடித்துக் கடலால் திரும்பிய என் மனிசன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "பல்லு டொக்டரிட்ட வேலை செய்யிற மனிசி இருக்கிறதும் ஒரு வசதிதான்."

ஒத்திகை

சனிக்கிழமை கோயிலில் ஒத்திகை. மந்திரிக்காத அப்பத்தோடு சிஸ்டர் வரிசையாக வர, பிள்ளைகள் ஒவ்வொருவராக நாக்கை நீட்டினார்கள். என் மகள் நீட்டியதும் சிஸ்டரின் கை நின்றது. "பால் குடிச்சிட்டோ வந்தனீங்கள், பிள்ளை?" பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "ஐயோ, பல்லு மிஸ்ஸின்ர மகளின்ர நாக்கைப் பாருங்கோடி!"

வாசலில் மற்ற அம்மாமாரோடு நின்ற நான் குனிந்து, பூட்டியிருந்த செருப்பையே திரும்பவும் பூட்டினேன். வீடு வரும்வரை உதட்டை இறுக்கிக்கொண்டு வந்த பிள்ளை படலையடியில்தான் பேசினாள்: "நான் பாதருக்கு வாய் திறக்க மாட்டன்."

கதிரை

டொக்டர் தந்த துளி மருந்தில் நாக்கு வெளுத்தது போய் உரிய நேரத்துக்குச் சிவந்துவிட்டது; நன்மையும் வாங்கினாள். நான் சொல்ல வந்தது ஒத்திகைக்கு அடுத்து வந்த திங்கட்கிழமையை.

நோயாளிகள் போன பிறகு அவளைக் கதிரையில் ஏற்றினேன். டொக்டர் விளக்கை இழுத்து, வெள்ளையையும் வீங்கிய பல் முரசையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அன்ரிபயோட்டிக் ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை, டொக்டர்" என்றேன். தட்டில் இருந்த கண்ணாடியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

ஊரார் பிள்ளைகளின் வாயெல்லாம் திறக்க வைத்த எனக்கு, என் வாயில் வந்த பொய்யைத் திறந்து காட்ட என் பிள்ளைதான் தேவைப்பட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு டொக்டரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"டொக்டர், நான் உண்மையைச் சொன்னா அம்மாவை ஏசாதேங்கோ."