கேன்டீன் டிவியில் இரண்டு மாலுமிகள்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் தையலுக்கு இரண்டு லைன். ஒன்றுக்கு நான் சூப்பர்வைசர், இன்னொன்றுக்கு அவள். என்னைவிட மூத்தவள் என்பதால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அதில் மரியாதை துளியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே மாதா கோயிலுக்குத்தான் போவோம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களுக்குக் கைகூப்புவாள், என்னை மட்டும் விட்டுவிடுவாள். நானும் அப்படித்தான்.

அவசர ஆர்டர் வந்தால் மேனேஜரிடம் பேசி, என் லைனில் நன்றாகத் தைக்கிற பெண்ணைப் பிடுங்கிக்கொள்வாள். இந்தப் பக்கமிருந்து அவளுக்குப் போகவேண்டிய பீஸ்களை நான் ஆறப்போட்டு அனுப்புவேன்.

ஒருநாள் மதியம் கேன்டீன் டிவியில் யாரோ பிள்ளைகள் சேனலை வைத்திருந்தார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே ஓடிய பழைய கார்ட்டூன். எப்போதும் அடித்துக்கொள்ளும் இரண்டு மாலுமிகள். ஒருவன் ஒல்லி, மற்றவன் தாடிக்காரத் தடியன். அன்றைக்குப் படகுப் போட்டி. ஒல்லி பதுங்கிப் போய்த் தடியனின் படகில் ஓட்டை போட்டான். தடியன் ஏற்கெனவே ஒல்லியின் படகில் போட்டிருந்தான். நடுக்கடலில் இரண்டு படகும் மூழ்க, கழுத்துவரை தண்ணீரில் மிதந்துகொண்டு துடுப்பால் மண்டையில் அடித்துக்கொண்டார்கள்.

கேன்டீனே சிரித்தது. பாதிப் பேர் டிவியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து டிவியை அணைத்தாள். "இன்னா சிரிப்பு? துன்னுட்டு எழுந்து போங்க."

அவள் லைனிலேயே வேலை செய்யும் ஒரு பெண், வாயாடி, விடவில்லை. "தாடிக்காரன் திட்டுறது அப்படியே உங்க மாதிரியே இருக்குதுக்கா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லிக் குடுத்துதான பேசுறா?"

"எனக்கு வேற வேல இல்ல பாரு. உன்னப் பத்திப் பேச ஆள் வேற வெக்கணுமாக்கா?"

அதற்குப்பின் இருவரும் கத்தியதை இங்கே எழுத முடியாது. மேனேஜர் வந்துதான் பிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா அந்தப் பெண்ணை மெஷினிலிருந்து எழுப்பி, பிசிறு நூல் வெட்டுகிற மேஜைக்குத் தள்ளிவிட்டாள். நான் நேராக அங்கே போனேன். இரக்கத்தால் இல்லை, அக்காவின் வயிறு எரியவேண்டும் என்றுதான்.

"என் லைனுக்கு வந்துடு. மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்."

அந்தப் பெண் கத்தரியைக் கீழே வைக்கவே இல்லை. "வேணாங்க்கா. அவங்க என்னை இங்க தள்ளுனாங்க. நாளைக்கு நீங்க தள்ளுவீங்க. ரெண்டு பேர்ல யார் ஜாஸ்தின்னு பாக்க நான்தான் கெடச்சேனா?"

அறையலாம் போல இருந்தது. அடுத்த வாரம் அவள் ராணிப்பேட்டைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். தனியாகப் போகவில்லை. இரண்டு லைனிலும் நன்றாகத் தைக்கிறவர்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

சரக்கு ஏற்றக் கன்டெய்னர் வந்து நிற்கிறது, தைக்க ஆள் இல்லை. "நீங்களே உக்காந்து தைங்க" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். பல வருஷத்துக்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்தேன், பக்கத்து மெஷினில் அக்கா. மதியம்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவள் நூல் தீர்ந்தது.

"கருப்பு நூல் இருக்குதா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

என் காலடியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

"இல்லக்கா" என்றேன்.