பதுளைக்கு நான் சுமந்த மிளகுப் பத்திரங்கள்

செவ்வாய் இரவு எட்டு மணிக்குக் கொழும்பு கோட்டையில் பதுளை ரயில் ஏறினேன். என் பையில் நான் வாங்கிய மிளகின் கப்பல் பத்திரங்கள். விற்றவருடைய பத்திரங்களை வாங்கியவனே சுமந்து போவதைக் கேட்டால் எங்கள் தூத்துக்குடிச் சந்தையே சிரிக்கும். அவை கையில் இருந்தால் பணம் கட்டாமலே சரக்கை எடுத்துவிடலாம். ஆனால் மிளகை விற்ற பதுளை மரியதாஸுக்கு இது முதல் ஏற்றுமதி. “அண்ணேதான் இங்க வாறாரே, அவருகிட்டயே குடுத்துவிடுங்க” என்று கொழும்புக் கப்பல் முகவரிடம் சொல்லிவிட்டார்.

எங்களுக்குள் எல்.சி. ஒப்பந்தம், அதாவது பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதம். குறித்த தேதிக்குள் பத்திரங்களைப் பதுளை வங்கியில் ஒப்படைத்தால், என் வங்கி அவருக்குப் பணம் தந்தே ஆகவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் கொடுக்க மறுக்கலாம். கெடு வியாழன். புதன் காலையே போய்விடுவேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன் காலை, பண்டாரவளைக்கு முன்பே ரயில் நின்றது. தண்டவாளத்தில் மண்சரிவு. அள்ளி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. மரியதாஸ் போனில் பதறினார். “அண்ணே, நாளைக்கு போயா, பௌர்ணமி லீவு. பேங்க் பூட்டு. இன்னைக்கு மூணு மணிக்குள்ள வந்துருங்க. பசறையில மிளகு குடுத்த தோட்டத்து சனம் அத்தனையும் காசுக்குக் காத்திருக்கு.”

அடுத்து ஊரிலிருந்து என் தம்பி. “அங்கேயே ரெண்டு நாள் சுத்திப் பாருண்ணே. கெடு தப்பட்டும், விலையைக் குறைச்சுக் கேட்போம்.” வந்த கோபத்தில் போனை வைத்தேன்.

இனி ரயிலை நம்பாமல் பண்டாரவளையில் இறங்கி, இரண்டு மணிக்கு த்ரீவீல் ஆட்டோ பிடித்தேன். பதுளைக்கு முப்பது கிலோமீட்டர், ஐயாயிரம் ரூபாய். வழியெல்லாம் தேயிலை, அழகை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. கதையைக் கேட்ட டிரைவர், “மண்ணு சரிஞ்சதுன்னு சொன்னா பேங்க்காரங்க கேக்க மாட்டாங்களா?” என்றார்.

“மண் சரிஞ்சு பேங்கே மூடிக் கிடந்தாலும் எல்.சி. விதி மன்னிக்காதுங்க.”

“அப்ப நாளைக்கு போயாவுக்கு மூடுறதுக்கும் மன்னிப்பு இல்லையா?”

தலையில் அடித்துக்கொண்டேன். இருபது வருடமாக எல்.சி. திறப்பவன், பயத்தில் இதை மறந்துவிட்டேனே! விபத்துக்கு இரங்காத அந்த விதி, கெடு நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள் வரை விடும். விதிகள் உலகத்துக்குப் பொது. விடுமுறை அந்தந்த நாட்டுச் சட்டம். தூத்துக்குடியில் வியாழன் வங்கி திறந்திருக்கும். ஆனால் ஒப்படைக்கும் ஊர் பதுளை. இலங்கைச் சட்டப்படி பௌர்ணமி விடுமுறை என்பதால், கெடு தானாகவே வெள்ளிக்குத் தள்ளிப் போகும்.

மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மரியதாஸ் பூட்டிய வங்கி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சொன்னேன். வெகுநேரம் நம்பவில்லை.

“மண்ணு சரிஞ்சா மன்னிப்பு இல்ல. நிலா நெறைஞ்சா இருக்கா?”

“இருக்கு. உங்க அரசாங்கம் குடுத்தது.”

போயா அன்று அவர் வீட்டில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தின்று, பூனாகலைத் தோட்டத்தில் அவர் பிறந்த லயத்து வரிசைவீட்டையும் பார்த்துவந்தேன்.

வெள்ளி காலை வங்கியில் பத்திரங்களைச் சரிபார்த்த அதிகாரி, கெடு விடுமுறையால் நீண்டதை முகப்புக் கடிதத்தில் குறித்து, முத்திரை வைத்தார். பிறகு, “யாரு கொண்டாந்தது?” என்று கேட்டார். மரியதாஸ் என்னைக் காட்டினார். “வாங்குறவரு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கண்டிப்பாகவே சொன்னேன். “இனிமே இதை யார் கையிலயும் குடுக்காதீங்க. என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா?” சொன்னேன். முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன்.

“சரிண்ணே, உங்க தம்பிகிட்ட குடுக்கல” என்று சொல்லிவிட்டு, என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னே நடந்தார்.