கருப்பியை மறுபடியும் அடையில் உட்காரவைத்தது

மும்தாஜ் முட்டைகளைத் துண்டில் பொதிந்துகொண்டு ஓடிவந்தபோது, எங்கள் கருப்பிக் கோழி தொப்பலாக நனைந்து தென்னைமரத்தடியில் கட்டுண்டு கிடந்தாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள் சுமதி. கருப்பியைத் தண்ணீரில் முக்கியதும் அவள்தான். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டாள். முடியாது, முக்கச் சொன்னது நான் என்பதையும் சேர்த்து எழுது என்றேன்.

கொழிஞ்சாம்பாறையில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து, வளர்த்து விற்பதுதான் எனக்குப் பல வருட வேலை. பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தும் வாங்கிப் போகிறார்கள். கோழி அடைக்குப் படுத்துவிட்டால் முட்டையிடாது, இரையும் சரியாக எடுக்காது. வெறும் கூடையிலும் இறகை விரித்து உட்கார்ந்திருக்கும். வைப்பதற்கு முட்டை இல்லையென்றால் அதைத் தண்ணீரில் முக்கி, காற்றாடக் கட்டிப்போட்டு அடையைக் கலைத்துவிடுவோம். வயிற்றுச் சூடு தணிந்தால் அதன் புத்தி மாறிவிடும். அன்று காலையில் அதைத்தான் செய்திருந்தோம்.

மும்தாஜ் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் மனைவி. அவள் வளர்ப்பது கழுத்தில் இறகே முளைக்காத ஜாதி. கல்யாணமான புதிதில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த வம்சம். போன மாதம் நாய்கள் கூண்டை உடைத்து ஒன்று விடாமல் கடித்துப் போட்டுவிட்டன. மிஞ்சியது அதற்குமுன் எடுத்து வைத்திருந்த முட்டைகள் மட்டும். அவற்றை அவள் மகன் வாங்கிக் கொடுத்த இன்குபேட்டர் பெட்டியில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் இருந்தவரை நன்றாகவே பார்த்துக்கொண்டது.

“ஏனுங்கக்கா, டிரான்ஸ்பார்மர் பொகைஞ்சு போச்சுங்க. நாளைக்குத்தான் கரண்டு வருமாமா. முட்டையெல்லாம் பொரிக்கற பருவமுங்க. இதும் போச்சுன்னா எங்கம்மா ஊட்டுக் கோழி இத்தோட முடிஞ்சுதுங்க” என்று மூச்சு வாங்கச் சொன்னவள், அப்போதுதான் கருப்பியைப் பார்த்தாள். “இதென்னுங்க, கோழிக்குத் தலைக்குத் தண்ணி வாத்து உட்டிருக்கீங்க? எண்ணெயும் தேச்சீங்களா?”

“நீங்க வருவீங்கன்னு நாங்க என்னத்தக் கண்டமுங்க” என்றாள் சுமதி.

முட்டையில் உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் உயிருள்ள முட்டை தானாக லேசாக ஆடும். ஓட்டில் கீறல் விழாத முட்டையைத்தான் இப்படிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சுக்குத் தண்ணீர் ஏறிவிடும். ஒன்று அசைந்தது. அடுத்ததும் அசைந்தது. மும்தாஜ் அத்தனையையும் மறுபடி துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கருப்பியைப் பழைய பருத்திச் சேலையால் துவட்டினேன். இருட்டு மூலையில் கூடையை வைத்து, அடியில் கரித்துண்டு, இரும்பாணி, வரமிளகாய் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினேன். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருப்பதற்காக அவற்றைப் போடுவோம். அன்று வானத்தில் மேகமே இல்லை. ஆனாலும் போடாமல் எனக்குக் கை ஓடாது.

இரண்டு முட்டையை வைத்துக் கருப்பியை மேலே விட்டேன். இறங்கி வந்துவிட்டாள். மறுபடி விட்டேன். மறுபடி இறங்கி, சுமதியின் கால் மெட்டியைக் கொத்தினாள்.

“போச்சுங்கத்தை, நல்லாத் தெளிஞ்சுட்டா” என்றாள் சுமதி. மும்தாஜ் அல்லாவைக் கூப்பிட்டாள். முட்டையைப் பொதிந்துவைக்கத் தவிட்டைச் சூடாக்கலாமா என்று சுமதி கேட்டாள். நானோ, முன்பு ஒரு கோழி வாத்துக் குஞ்சு பொரித்து, அவையெல்லாம் வாய்க்காலில் குதித்ததும் கரையில் நின்று கத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சொன்னேனோ. மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினால் எது காதில் விழும்?

கடைசியில் எனக்கே எரிச்சலாகி, “ரெண்டு பேரும் கம்முனு இருங்க சித்தெ” என்று சொல்லிவிட்டு நானும் வாயை மூடினேன்.

அப்போதுதான் கேட்டது. மும்தாஜின் மடியிலிருந்து, ஓட்டுக்குள்ளிருந்து, நூல் மாதிரி ஒரு ‘கீச்’.

வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த கருப்பி நின்றாள். கழுத்தைச் சாய்த்தாள். அந்த முட்டையை எடுத்து அவளருகே கொண்டுபோனேன். மறுபடி கீச். கருப்பி இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தி, தொண்டைக்குள்ளேயே ‘கொக் கொக்’ என்றாள். குஞ்சுகளிடம் மட்டும் பேசுகிற குரல் அது. உள்ளேயிருந்து பதில் வந்தது.

அந்த முட்டையையும் கூடையில் வைத்தேன். கருப்பியை நான் தொடவேயில்லை. அவளாகவே நடந்து கூடைக்குள் ஏறினாள். கூடையில் இருந்த முட்டைகளை அலகால் உருட்டி நெஞ்சுக்கு அடியில் சேர்த்துக்கொண்டாள். மீதியை நான் ஒவ்வொன்றாக அடியில் தள்ளிவிட, காலை நகர்த்தி இடம் கொடுத்து, ஒரு முட்டைகூட வெளியே தெரியாதபடி உப்பி அமர்ந்தாள். வாலில் இன்னும் ஈரம் காயவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ கோழிகளை உட்காரவைத்திருக்கிறேன், ஒரு குரலைக் கேட்டு மனம் மாறிய கோழியை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அவள் இறக்கைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கழுத்து மொழுமொழுவென்று இருந்தது. மும்தாஜ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சில முட்டைகள் ஓட்டோடு நின்றுவிட்டன. மற்றதெல்லாம் மொட்டைக் கழுத்தோடு வந்து சேர்ந்தது. கருப்பி இப்படியொரு குஞ்சைப் பார்த்ததேயில்லை. ஆனால் அதைப் பற்றி அவளுக்கு ஒரு கேள்வியும் இல்லை. நொய்யைக் கொத்திப் போட்டு எல்லாவற்றையும் கூப்பிட்டாள்.

“கோழி உங்களுது, குஞ்சு என்னுது. எப்படிங்க பிரிக்கறது?” என்றாள் மும்தாஜ்.

“எதுக்குப் பிரிக்கறே? தாயோடயே தூக்கிட்டுப் போ. குஞ்சு பெருசானா அவளே கொத்தி வெரட்டி உட்ருவா. அப்பக் கொண்டாந்து உடு.”

இப்போது கோழி வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் வந்து, சூடு எவ்வளவு வேண்டும், என்ன தீனி போடவேண்டும் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் சொல்வது இதுதான்: அடைக்கோழி பக்கத்தில் நின்று பேசாதீர்கள். தாயும் குஞ்சும் பேசிக்கொள்ள விடுங்கள்.

“எங்கத்தை கம்முனு இருந்தது அந்த ஒரு நாளுதானுங்க” என்று சுமதி அவர்களிடம் சொல்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். இருந்ததால்தான் கேட்டது.