படைக்காத கிச்சடி

நான் பொய்ச்சாட்சி சொன்னேன். அதுவும் ஆண்டவருடைய பெயரால், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நிறைந்த பந்தலில் சொன்னேன்!

அந்தப் பந்தலில் நீங்களும் இருந்திருக்கலாம். கையை உயர்த்தி அல்லேலூயா சொல்லியிருக்கலாம். ஆகவேதான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் போதகன் அல்லன். அங்கியும் பட்டமும் எனக்கில்லை. ஊரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்வித்துக்கொண்டிருந்தவன். சபையார் ஜெபித்து அனுப்ப, மனைவி கிரேசுடன் அந்தமானின் லாங் ஐலண்டுக்கு ஊழியத்துக்கு வந்தேன். மாலையில் தீவுப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்போம். ஞாயிறன்று வீட்டிலேயே ஆராதனை. அதற்கு வருவது நாங்கள் இருவர்தாம்... சில வாரம் வனத்துறையில் வேலைபார்க்கும் தமிழர் ஒருவரும் வருவார்.

அடுத்த வீட்டில் மினதி தீதி; தீதி என்றால் அக்கா. வங்காளி, கணவரை இழந்தவர். நாங்கள் வந்து இறங்கிய அன்று மழை கொட்டியது. யாரும் கேளாமலே எங்கள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு படகுத்துறையிலிருந்து முன்னால் நடந்தார். கிரேசுக்கு மலேரியா கண்டபோது அவளுடைய வாந்தியைக் கையால் அள்ளினார். என்னைத் 'தாதா' என்றுதான் கூப்பிடுவார். நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் கத்தியும் கையுமாக ஒருவன் நினைவுக்கு வருவான். அவர்களுக்கோ அது அண்ணன்!

துர்கா பூஜையின் அஷ்டமியன்று அம்மனுக்குப் படைக்கும் அரிசி பருப்புக் கிச்சடியை ஊருக்கே சமைப்பவர் தீதி. பெரிய அண்டாவின் முன் புகையில் நிற்கும்போது அவர் முகத்தில் ஓர் ஒளி இருக்கும். ஆண்டு முழுவதும் அவர் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

படைத்ததை நாங்கள் உண்பதில்லை. முதல் ஆண்டு அவர் இலையில் கொண்டுவந்ததை வாசலிலேயே மறுத்தேன். எப்படி மறுத்தேன் தெரியுமா? கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு! அவர் முகம் வாடியது. இலையோடு திரும்பிப் போனார்.

அடுத்த அஷ்டமியன்று காலையில், பூஜைப் பந்தலுக்குப் புறப்படுமுன், சின்னச் சட்டி ஒன்றுடன் வந்து நின்றார்.

"சடாயா நஹி, தாதா. அலக் பனாயா, ஆப் லோக் கே லியே."

படைக்கவில்லையாம்... எங்களுக்கென்று தனியே செய்ததாம்! விரத நாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வயிறு. அந்த வயிற்றோடு, எங்கள் மனம் கோணக் கூடாது என்பதற்காகத் தம் வீட்டில் இரண்டாவதாக ஓர் அடுப்பை மூட்டியிருக்கிறார். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அப்படியே. அயலாரை நேசி என்று பேசித் திரிந்தவன் நான். செய்தவர் அவர். நான் யாருடைய நம்பிக்கைக்காகவாவது ஓர் அடுப்பு மூட்டியிருக்கிறேனா?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். மேடைக்குப் பின்னால் மூத்த ஊழியர் ஒருவர் என் தோளில் கை போட்டார்.

"என்ன தம்பி, அறுவடை எப்படி? ஒரு ஆத்துமாவாது வந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். மேடை ஏறினேன். "மினதி என்றொரு வங்காளிச் சகோதரி! விக்கிரகத்துக்குப் படையல் சமைத்தவர், இன்று படையலை விட்டுவிட்டு, படைக்காத உணவை எங்களுக்குச் சமைத்துத் தருகிறார்!" என்றேன்.

படைக்காத உணவைத் தந்தார் என்பது மெய். படையலை விட்டார் என்பது பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். பந்தல் அதிர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது... வெட்கக்கேடு!

செய்தி கடலைத் தாண்டாது என்று நினைத்தேன். கன்வென்ஷன் பந்தலில் இருந்த ஒருவரின் மைத்துனர் எங்கள் தீவில் கான்ட்ராக்டர். போனில் கேட்டதை அவர் டீக்கடையில் சொல்ல, பூஜைக் கமிட்டியின் காதுக்குப் போய்விட்டது. மதம் மாறியவள் அம்மனுக்குச் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தீதி எவ்வளவோ அழுது பார்த்தும் அவர்கள் நம்பவில்லை.

நாங்கள் தீவுக்குத் திரும்பியதும் அழுத கண்ணோடு எங்கள் வாசலுக்கு வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கப் போகிறார் எனப் பயந்தேன். அவர் தீவு இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"யாரோ உங்க பேரக் கெடுக்குறாங்க, தாதா. நீங்க சொன்னீங்களாம்! எங்க தாதா பொய் சொல்ல மாட்டாருன்னு அம்மன் கால்ல கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். நீங்க கவலப்படாதீங்க."

கேட்கிறீர்களா? என் பொய்க்காக அவர் தம் தெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றேன்.

அஷ்டமி வந்தது. பூஜைப் பந்தலில் மேளம் ஒலித்தது. அண்டாவின் முன் வேறொரு பெண் நின்றாள். எங்கள் வாசலில், விரதத்தோடு, சின்னச் சட்டியோடு தீதி நின்றார்.

"இந்த வருஷம் இது ஒண்ணுதான், தாதா. சீக்கிரமே முடிஞ்சுபோச்சு" என்று சிரித்தார்.

நான் உண்டேன். கிரேசுக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"சட்டியத் திருப்பிக் குடுக்கையில சொல்லிருங்க" என்றாள். "கமிட்டிக்காரங்க முன்னால நானும் வந்து நிக்கேன். அடுத்த வருசமாவது அவங்க கைக்குக் கரண்டி வரட்டும்."

சொன்னால் இந்தத் தீவில் எனக்கு இடமில்லை, ஊரில் முகமில்லை. ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் காலையில் புறப்பட்டேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது அல்லவா? சட்டியில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

தீதி வேலியருகே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவரே முந்திக்கொண்டார்.

"கிரேஸ் நல்லா சாப்பிட்டாளா, தாதா?"

"நன்றாகச் சாப்பிட்டாள்" என்றேன். சட்டியை நீட்டினேன். சர்க்கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அடுத்த அஷ்டமி நெருங்குகிறது. கமிட்டி இன்னும் அவரைக் கூப்பிடவில்லை. உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன்... வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் இன்னும் சொல்லவில்லை.